கழுவாத குக்ரி கைக்கு வந்தால்: நிலையை மதிப்பிடுவது எப்படி?

காத்மாண்டுவின் லகன் சிலேகானா என்ற பழைய அரண்மனை, நேபாள ராணுவத்தின் ஆயுதக் கிடங்காக இருந்தது. அங்கே தலைமுறைகளாகக் குவிந்து கிடந்த துப்பாக்கிகளையும், வளைந்த நேபாளக் கத்திகளான குக்ரிகளையும் 2003இல் இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் மொத்தமாக வாங்கின. ‘சுத்தம் செய்யாதது’ என்று சேகரிப்பாளர்களிடம் விற்கப்படும் ராணுவக் குக்ரிகளில் பல அந்தச் சரக்குதான். இறுகிக் கறுத்த கிரீஸும் தூசியும் அப்பியிருக்கும். பார்த்ததும் தேய்க்கக் கை பரபரக்கும். பொறுங்கள். என் முதல் குக்ரியின் பித்தளை வளையத்தைக் குத்துவிளக்கு துலக்குவதுபோல் புளி போட்டுத் துலக்கினேன். பளபளத்தது, பழமை போய்விட்டது. மதிப்பீடு முதலில், சுத்தம் பிறகு.

பழைய பருத்தித் துணி, டர்பெண்டைன், மூங்கில் குச்சி, பத்து மடங்கு உருப்பெருக்கி, தடித்த கையுறை ஆகியவை போதும். உப்புத்தாள் பக்கத்திலேயே வேண்டாம்.

1. உருவுதல். குக்ரியின் வளைவின் உட்புறத்தில்தான் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, இருக்கிறது. உறை என்பது தோல் போர்த்திய இரண்டு மரத் துண்டுகள். பழையதில் பிசின் விட்டிருக்கும். வாய்ப் பக்கமாக விரல்களை வளைத்துப் பிடித்து இழுத்தால், கத்தி உறையைப் பிளந்து விரலுக்கு வரும். முதுகுப் பக்கத்தை மட்டும் பிடித்து, முதுகு உறையில் உராயும்படி மெல்ல உருவுங்கள். வராவிட்டால் வலிந்து இழுக்க வேண்டாம். வந்ததும் எல்லாப் பக்கமும் படம் எடுத்துவிடுங்கள்.

2. முதுகைப் படித்தல். எனக்குப் பிடித்த படி இதுதான். டர்பெண்டைனில் நனைத்த துணியை முதுகின் மேல் பத்து நிமிடம் வைத்து, இளகிய கிரீஸை மூங்கில் குச்சியால் வழித்தெடுங்கள். பலவற்றில் தேவநாகரி எழுத்துகளும் எண்களும் தலைகாட்டும். எண் நேபாள நாட்காட்டியான விக்கிரம ஆண்டாக இருந்தால், ஆங்கில ஆண்டு தெரிய 57 கழியுங்கள்: 1960 என்றால் ஏறக்குறைய 1903. ஆனால் நான்கு இலக்கம் கண்டவுடன் துள்ள வேண்டாம்; படைப்பிரிவின் பதிவு எண்ணாகவும் இருக்கலாம். எழுத்துப் பள்ளத்துக்குள்ளும் துரு கறுத்திருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பாருங்கள். சுற்றிலும் குழிகள் விழுந்திருக்க, எழுத்து மட்டும் கூர்மையாக மின்னினால், அது பின்னால் அடித்த முத்திரை.

3. துருவின் நிறம். வெள்ளைத் துணியால் ஓரிடத்தில் துடையுங்கள். செம்பொடி ஒட்டினால் துரு இன்னும் தின்றுகொண்டிருக்கிறது. கறுப்பாக, வழவழப்பாக, பொடி உதிராமல் இருந்தால் அது முதிர்ந்த படலம். அதைச் சுரண்டக் கூடாது. குழிகளின் ஆழத்தைக் குச்சி நுனியால் தடவிப் பாருங்கள். முதுகிலுள்ள குழியைப் பொறுக்கலாம். வாயருகே உள்ளது விலையைக் குறைக்கும்.

4. வெடிப்பு. வாயை மட்டும் கடினமாகவும் முதுகை மிருதுவாகவும் பதப்படுத்துவது நேபாளக் கொல்லர்களின் முறை. அதனால் மயிரிழை வெடிப்புகளை வாயிலிருந்து மேல்நோக்கித்தான் தேட வேண்டும். சந்தேகமான இடத்தில் கொஞ்சம் டர்பெண்டைன் தடவித் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளைத் தூவுங்கள். உள்ளே தேங்கியது கசிந்து, தூளில் ஈரக்கோடு விழுந்தால் அது வெடிப்பு. சிறு மொக்கைகள் பரவாயில்லை. வெடிப்புள்ளதை நான் வாங்குவதில்லை.

5. கைப்பிடி. கையுறை போட்டுக் கத்தியைப் பிடித்துக்கொண்டு பிடியை மெல்ல ஆட்டுங்கள். பழைய குக்ரிகளில் இரும்பின் வால், பிடிக்குள் லாஹா என்ற பிசினால் ஒட்டப்பட்டிருக்கும். ‘டிக்’ என்று ஓசை வந்தால் பிசின் உதிர்ந்திருக்கிறது. சரிசெய்யக்கூடிய குறைதான். டர்பெண்டைனை மட்டும் அந்த இணைப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். மிச்சப் பிசினும் இளகிவிடும்.

உறையில் தையல் பிரிந்திருக்கிறதா, பித்தளை படும் தோலில் பச்சைக் களிம்பு பூத்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். கார்டா என்ற குட்டிக் கத்தியும், சக்மக் என்ற மொட்டையான தீட்டுக் கருவியும் உறையில் இருந்தால் அதிர்ஷ்டம்.

கண்டதையெல்லாம் எழுதிவைத்துவிட்டு, இரும்பின் மேல் மெல்லிய எண்ணெய் தடவி, கத்தியை உறைக்கு வெளியே தனியாக வையுங்கள். பழைய தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.