மருந்து ஆய்வுக் கட்டுரையை வாசிப்பது எப்படி? ஒரு பேனா போதும்

அப்பா மாரடைப்பிலிருந்து மீண்டு வீட்டுக்கு வந்த வாரம், ஆஸ்பிரின் சாவை 23% குறைக்கும் என்று படித்தேன். நூறு பேர் சாப்பிட்டால் 23 பேர் கூடுதலாகப் பிழைப்பார்கள் என்று எடுத்துக்கொண்டேன். அது தப்பு. அந்த எண் பிறந்த ஐசிஸ்-2 ஆய்வையே எடுத்துக்கொள்வோம். 1988இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது; மாரடைப்பு என்று சந்தேகிக்கப்பட்ட 17,187 நோயாளிகள்.

படி 1: சுருக்கத்தை விட்டுவிட்டு வழிமுறைப் பகுதிக்குப் போங்கள். யாருக்கு எந்த மாத்திரை என்பதை யார் தீர்மானித்தார்கள்? இங்கே குலுக்கல்தான் தீர்மானித்தது: மருத்துவர் ஆய்வு மையத்துக்குப் போன் செய்து நோயாளியின் விவரத்தைப் பதிந்த பிறகுதான், அவருக்கான மாத்திரைப் பொதியின் எண் கிடைக்கும். தேறிவிடுவார் என்று தோன்றுகிறவருக்குப் பார்த்து மருந்து கொடுக்க வழியில்லை. ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தே இல்லாத போலி மாத்திரையும் இருந்தது.

படி 2: மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர்களையும் அவரவர் குழுவிலேயே எண்ணினார்களா என்று பாருங்கள். கழித்துவிட்டிருந்தால் குலுக்கலின் பலனே போய்விடும்.

படி 3: நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான், நிதானமாகப் போவோம். முடிவு அட்டவணையை அச்செடுத்து, பேனாவால் கணக்குப் போடுங்கள். இணையக் கணிப்பான்கள் வேண்டாம், கையால் போட்டால்தான் மனதில் நிற்கும். ஐந்து வாரத்தில் இதய, ரத்தக்குழாய்க் காரணங்களால் இறந்தவர்கள்:

ஆஸ்பிரின்: 8,587 பேரில் 804, அதாவது 9.4%
போலி மாத்திரை: 8,600 பேரில் 1,016, அதாவது 11.8%

வித்தியாசம் நூற்றுக்கு 2.4 பேர்தான். சுமார் 41 பேருக்குக் கொடுத்தால் ஒருவர் கூடுதலாகப் பிழைக்கிறார். ஒரு மாதம், தினம் 160 மில்லிகிராம் மாத்திரை. இவ்வளவு மலிவான மருந்துக்கு இது பெரிய பலன் என்றே நான் சொல்வேன்.

பிற்சேர்க்கை: "இரண்டு குழுவிலும் இறந்தவர்களை மொத்தப் பேரால் வகுத்து ஒப்பிட்டால், சாவு 21% தானே குறைகிறது, 23% எப்படி?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். சரியான கேள்வி. கட்டுரை, இறந்தவர்களை மொத்தப் பேரால் வகுக்காமல், பிழைத்தவர்களால் வகுக்கிறது. 804ஐ 7,783ஆலும், 1,016ஐ 7,584ஆலும் வகுத்து ஒப்பிடுங்கள், 23% வந்துவிடும்.

படி 4: துணைக்குழு முடிவுகளை, அதாவது நோயாளிகளை வயது, பாலினம் என்று பிரித்துச் சொல்லும் முடிவுகளை, உடனே நம்பாதீர்கள். இதே ஆய்வாளர்கள் வேண்டுமென்றே நோயாளிகளை ராசிவாரியாகப் பிரித்துக் காட்டினார்கள், மேலைநாட்டுக் கணக்குப்படி. மிதுனத்துக்கும் துலாமுக்கும் ஆஸ்பிரின் கொஞ்சம் கெடுதல் போலவே வந்தது! அதனால் "பெண்களுக்கு மட்டும் வேலை செய்யவில்லை" என்கிற மாதிரி வரி கண்ணில் பட்டால், அந்தப் பிரிவை ஆய்வு தொடங்கும் முன்பே திட்டமிட்டிருந்தார்களா என்று முதலில் தேடுங்கள்.