தள்ளுபடிக் கடைக்குச் சரக்குக் கொடுக்கும் முன்: சிறு பெடல் தயாரிப்பாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிட்டார் ஒலியை மாற்றும் மலிவு பெடல்கள், அதாவது ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ்களும் எதிரொலி தரும் டிலேக்களும், சந்தையில் குவியும்போது, கையால் பெடல் கட்டி விற்பவர்கள் முதலில் பயப்படுவது அவற்றைப் பார்த்துத்தான். அவ்வளவு பயம் தேவையில்லை. சிறு தயாரிப்பாளரின் பெடலைத் தேடி வருபவர் மலிவு பெடல் ஒன்றிரண்டை ஏற்கெனவே வாசித்துப் பார்த்தவராகத்தான் பெரும்பாலும் இருப்பார். உண்மையில் கையைக் கடிப்பது, உங்கள் பெடலே தள்ளுபடிக் கடையில் குறைந்த விலைக்குத் தொங்குவது. அது தானாக நடப்பதில்லை. பெரும்பாலும் தயாரிப்பாளரே கையெழுத்துப் போட்டு வரவழைப்பது.

"பத்துதானே" என்று கழிவை ஏற்றுவது

சில்லறை விலை 100 என்று வைத்துக்கொள்வோம். டீலர் கழிவு 40 போக, கைக்கு வருவது 60. உதிரிபாகம், பெட்டி, பெயின்ட், பேக்கிங் 22, கூலி 18, ஆக அடக்கம் 40. நிற்பது 20. தள்ளுபடிக் கடை 200 பெடல் எடுப்பதாகச் சொல்லி, இன்னும் 10 குறைக்கச் சொல்கிறது. 60 என்பது 50 ஆகும்போது லாபம் 20இலிருந்து 10க்கு இறங்குகிறது. அதாவது, முன்பு 100 பெடலில் பார்த்த காசைப் பார்க்க இனி 200 பெடல் கட்ட வேண்டும். தன் உழைப்புக்குக் கூலி எழுதாதவர் கண்ணில் இந்த ஓட்டை படவே படாது. 50க்குக் கொடுத்தாலும் 28 நிற்கிறதே என்று தலையாட்டிவிடுவார்.

அதற்கடுத்து நடப்பது இன்னும் மோசம். 50க்கு வாங்கிய கடை 75க்கு விற்றாலும் அதற்கு 25 நிற்கும். 60க்கு வாங்கிய சின்னக் கடைக்காரர் அதே 75க்கு இறங்கினால் 15தான். அவர் உங்களோடு சண்டைக்கு வரமாட்டார். அடுத்த ஆர்டரைப் போடமாட்டார், அவ்வளவுதான். உங்கள் சொந்த இணையக் கடையில் 100 என்று போட்டிருப்பது வெறும் அலங்காரமாகிவிடும்.

செகண்ட்ஹேண்ட் விலையும் புது விலையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. புதிது 75க்குக் கிடைக்கும்போது, 100 கொடுத்து வாங்கியவரால் தன்னுடையதை 70க்குக்கூடத் தள்ள முடியாது. கிட்டாரிஸ்டுகள் வாங்கி, வாசித்து, விற்று, மாற்றிக்கொண்டே இருப்பவர்கள். ஒருமுறை இப்படி அடிபட்டவர் அந்தப் பெயரை மறுபடி தொட யோசிப்பார்.

ஒரே மாடலை எல்லோருக்கும் கொடுப்பது

தள்ளுபடிக் கடை வேண்டவே வேண்டாம் என்று சொல்ல முடியாத நிலை வரலாம். அப்போது அதற்கென்று தனி மாடல் கட்டுங்கள்: வேறு பெயர், 125பி அளவுப் பெட்டிக்குப் பதில் சின்ன 1590ஏ, ஒரு குமிழ் குறைவு, கேபிள் செருகும் ஜாக்குகள் நேராக சர்க்யூட் போர்டிலேயே. நிறத்தை மட்டும் மாற்றிக் கொடுப்பதில் பயனில்லை. யாராவது நான்கு திருகைக் கழற்றி, உள்ளே இருப்பது அதே போர்டுதான் என்று படம் போட்டுவிடுவார்கள்.

ஒவ்வொரு பெடலுக்கும் வரிசை எண் போட்டு, எந்த எண் எந்தக் கடைக்குப் போனது என்று எழுதி வையுங்கள். சரக்கு எந்த வழியாகக் கசிகிறது என்று பிறகு கண்டுபிடிக்க வேறு வழி கிடையாது.

தவணையையும் திருப்பி அனுப்பும் விதியையும் படிக்காமல் விடுவது

200 பெடல் ஆர்டர் என்றால், மேலே சொன்ன கணக்கில் 8,000 முதலீடாக உள்ளே போகிறது. கட்டி முடிக்க ஆறு வாரம், சரக்கு போன பின் பணம் வர 60 நாள். மூன்று மாதத்துக்கு மேல் அந்தக் காசு வெளியே நிற்கும். அதற்குள் அடுத்த லாட்டுக்கு பாட் (குமிழுக்கு அடியில் இருக்கும் மாறுமின்தடை), ஃபுட்ஸ்விட்ச் (காலால் மிதிக்கும் ஸ்விட்ச்) வாங்க வேண்டியிருக்கும்.

விற்காத சரக்கைத் திருப்பி அனுப்பலாம் என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்தால், அது விற்பனையே அல்ல. உங்கள் காசில் அவர்கள் கடையில் சரக்கு அடுக்குவது. திரும்பி வருபவையும் புதிதாக வராது. அடியில் வெல்க்ரோ பசை, காணாமல் போன ரப்பர் கால்கள், கிழிந்த அட்டைப்பெட்டி. ஆகவே மூன்றில் ஒரு பங்கு முன்பணம் கேளுங்கள், ஐம்பது ஐம்பதாக அனுப்புங்கள், பழுதானதை மட்டும் திரும்ப எடுப்பதாக எழுதுங்கள். மொத்த உற்பத்தியில் கால்வாசிக்கு மேல் ஒரே கடைக்குப் போக விடாதீர்கள். அந்தக் கடை ஆர்டரை நிறுத்தும் நாளில் பட்டறை நிற்கக்கூடாது.

விலையை எட்ட உதிரிபாகத்தில் கை வைப்பது

அதிகம் பேர் விழும் குழி இதுதான்.

முதல் பலி ஃபுட்ஸ்விட்ச். ஒன்பது கால் (இணைப்பு முனை) உள்ள, 3பிடிடி எனப்படும் ஸ்விட்சில் மலிவானவற்றின் பிளாஸ்டிக் சூட்டைத் தாங்காது. 350 டிகிரியில் ஒரு காலில் மூன்று விநாடிக்கு மேல் பற்றவைக்கும் இரும்பை வைத்தால் பிளாஸ்டிக் இளகி, உள்ளே இருக்கும் தகடு சாயும். மேசையில் சோதிக்கும்போது நன்றாகவே வேலை செய்யும். சில வாரம் மிதிபட்ட பிறகு சத்தம் விட்டு விட்டு வரும். பக்கத்துப் பக்கத்துக் கால்களைத் தொடர்ந்து பற்றவைக்காமல் மாற்றி மாற்றி வைத்தால் சூடு ஒரே இடத்தில் சேராது. ஆனால் அவசர ஆர்டரில் யாரும் அதைச் செய்வதில்லை. போக வர அஞ்சல் செலவு, அரைமணி நேர வேலை: லாபம் 10 நிற்கும் பெடலில் ஒரு பழுது வந்தால் பல பெடல்களின் லாபம் போச்சு.

அடுத்தது, 9 வோல்ட்டை இரட்டிப்பாக்கும் ஐசி (சிப்). ஐசிஎல்7660எஸ் என்பது 12 வோல்ட் வரை தாங்கும். கடைசி எழுத்து இல்லாத 7660இன் உச்ச வரம்பு 10.5 வோல்ட். 9 வோல்ட் என்று எழுதியிருந்தாலும், மின்னழுத்தத்தைச் சீராக வைக்காத பழைய அடாப்டர், பளு இல்லாதபோது 10.5ஐத் தாண்டிவிடும். 7660 அந்த இடத்திலேயே போய்விடும். எஸ் வகையில் முதல் காலை மின்னழுத்தத்தோடு இணைத்தால் அலைவு காதுக்கு எட்டாத 35 கிலோஹெர்ட்ஸுக்கு ஏறும். சாதாரண 7660 ஏறத்தாழ 10 கிலோஹெர்ட்ஸிலேயே நிற்பதால் கீச்சென்ற இரைச்சல் சிக்னலில் கலக்கும். மிச்சமாவது சில்லறைக் காசுதான்.

சிக்னல் பாதையில் ஃபிலிம் கெப்பாசிட்டருக்குப் பதில் எக்ஸ்7ஆர் வகை செராமிக் கெப்பாசிட்டர் போடுவதும் இதே ரகம். டிசி மின்னழுத்தம் ஏறினால் அதன் கொள்ளளவு குறையும், தட்டினால் மைக் மாதிரி பிடிக்கும். கெயினை முழுதாகத் திருப்பி, பெட்டியை ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். ஆம்ப்ளிஃபையரில் டக் டக் என்று கேட்டால் மாற்றிவிடுங்கள்.

விலைக்கட்டுப்பாட்டை எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி எழுதுவது

விளம்பர விலை இதற்குக் கீழே போகக்கூடாது என்ற விதி அமெரிக்காவில் பரவலாகப் புழங்குகிறது. தயாரிப்பாளர் தன் கொள்கையை ஒருதலையாக அறிவித்து, மீறும் கடைக்குச் சரக்கை நிறுத்தலாம் என்பது அங்கே 1919 கோல்கேட் வழக்கிலிருந்து வரும் நிலைப்பாடு. அதையே அப்படியே எடுத்து பிரிட்டிஷ் கடைக்கு மின்னஞ்சல் அனுப்பினால் வம்பு. இணையத்தில் தள்ளுபடி தரவிடாமல் தடுத்ததற்காக கிட்டார் நிறுவனமான ஃபெண்டரின் ஐரோப்பியக் கிளைக்கு 2020இல் அங்கே 45 லட்சம் பவுண்டு அபராதம் விழுந்தது. வெளிநாட்டுக் கடைக்கு விலை பற்றி ஒரு வரி எழுதும் முன் வழக்கறிஞரைக் கேளுங்கள்.

இந்த விதி விளம்பர விலையைத்தான் கட்டும் என்பதும் நினைவிருக்கட்டும். கூடையில் போட்ட பிறகு வரும் கூப்பன் கோடு கொள்கையில் தனியாகச் சொல்லப்படாவிட்டால் அதன் வழியாகவே விலை இறங்கிவிடும்.

சர்க்யூட்டைப் பசையால் மூடி நம்பியிருப்பது

மலிவு நகல் வராமலிருக்க போர்டின் மேல் எபாக்சி ஊற்றுவது வீண்வேலை. பேர்பெற்ற ஓவர்டிரைவ் பெடலான க்ளான் சென்டாரில் அப்படித்தான் மூடியிருந்தது. அதையும் பிரித்து வரைந்துவிட்டார்கள். உங்களுக்கு மிஞ்சுவது, பழுது பார்க்க முடியாத பெடல். சர்க்யூட் அமைப்புக்குக் காப்புரிமை பெறாவிட்டால் பாதுகாப்பு கிடைப்பது கடினம். பெயரும் தோற்றமும் வேறு விஷயம்: 2005இல் பெரிங்கர் நிறுவனத்தின் மேல் ரோலண்ட் நிறுவனம் போட்ட வழக்கு, ரோலண்டின் பாஸ் (Boss) பெடல்களின் தோற்றத்தைப் பற்றியதுதான். வர்த்தகப் பெயரைப் பதிவு செய்யச் செலவிடும் காசு எபாக்சி டப்பாவைவிட உதவும்.

தேங்கிய சரக்கை மொத்தமாகத் தள்ளிவிடுவது

பழைய வடிவம், கீறல் விழுந்த பெட்டி, திரும்பி வந்தவை: இவற்றைத் தள்ளுபடிக் கடை மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்றால் ஆசையாக இருக்கும். கொடுத்தால், அவை புதிய பெடலுக்குப் பக்கத்திலேயே அதே பெயரில், பாதி விலையில் நிற்கும். சொந்தப் பக்கத்தில் பத்துப் பத்தாகப் போட்டு, குறை என்ன என்று படத்தோடு எழுதி, அடித்தட்டில் அழியாத ஒரு குறி பொறித்து விற்றுவிடுங்கள். அந்தக் குறி இருந்தால் அதை யாரும் புதிது என்று விற்க முடியாது. உத்தரவாதம் கேட்டு வரும்போதும் எந்த லாட் என்று உடனே தெரிந்துவிடும்.