கெமிக்கல் இறக்குமதி: ஆர்டர் போடும் முன்பே ஆரம்பிக்க வேண்டிய வேலை

மும்பை மஸ்ஜித் பந்தர் பக்கம் கெமிக்கல் வியாபாரம் தொடங்கியிருக்கும் செம்பூர் தம்பி ஒருவர் போன மாதம் கேட்டார்: "அண்ணே, சைனாவிலிருந்து நாலு டிரம் வரவழைக்கணும். கஸ்டம்ஸ்ல யாரைப் பார்க்கணும்?" பொருளின் சிஏஎஸ் எண் (ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் உலகம் முழுக்க உள்ள அடையாள எண்) என்ன என்று திருப்பிக் கேட்டேன். அவரிடம் இருந்தது வெறும் வியாபாரப் பெயர். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படி 1: சிஏஎஸ் எண்

ஒரே சேர்மத்துக்குப் பத்துப் பெயர் இருக்கலாம், சிஏஎஸ் எண் ஒன்றுதான். அசிட்டிக் ஆசிட் 64-19-7, அசிட்டிக் அன்ஹைட்ரைடு 108-24-7. பெயரில் சகோதரர்கள், சுங்கத்தில் சரக்கை வகைப்படுத்தும் எச்எஸ் கோடிலும் இரண்டும் 2915-க்குள்தான். ஆனால் முதலாவது வினிகரில் இருக்கும் அமிலம். இரண்டாவது ஹெராயின் தயாரிப்பில் பயன்படுவதால் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் வருவது. குவாலியரில் உள்ள நார்கோட்டிக்ஸ் கமிஷனரின் என்ஓசி (தடையில்லாச் சான்று) இல்லாமல் இறக்க முடியாது. பெயரை மட்டும் நம்பி ஆர்டர் போட்டால் என்ன ஆகும், யோசித்துக்கொள்ளுங்கள். எச்எஸ் பட்டியலின் 28, 29-ஆம் அத்தியாயப் பொருட்களுக்கு ஐயுபிஏசி பெயரையும் (சர்வதேச முறைப்படியான வேதிப் பெயர்) சிஏஎஸ் எண்ணையும் பில் ஆஃப் என்ட்ரியில் (சுங்கத்தில் தாக்கல் செய்யும் இறக்குமதிப் படிவம்) குறிப்பிடுவதை 2023-இல் கட்டாயமாக்கிவிட்டார்கள்.

படி 2: எச்எஸ் கோடும் அனுமதியும்

கனிமச் சேர்மங்கள் 28, கரிமச் சேர்மங்கள் 29. எட்டு இலக்கக் கோடைக் கண்டுபிடித்து, வெளிநாட்டு வர்த்தகத் துறையான டிஜிஎஃப்டியின் பட்டியலில் அது 'ஃப்ரீ'யா (லைசென்ஸ் வேண்டாம்), 'ரெஸ்ட்ரிக்டட்'டா (லைசென்ஸ் வேண்டும்) என்று பாருங்கள். ஃப்ரீ என்று இருந்தாலும் நிம்மதியாக உட்கார்ந்துவிடாதீர்கள். பூச்சிமருந்து என்றால் 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும். மருந்து மூலப்பொருள் என்றால் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிஎஸ்சிஓவின் அனுமதி. சில கெமிக்கல்களுக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை கேட்கும் தரக்கட்டுப்பாட்டு ஆணையும் உண்டு. இந்த ஆணைகள் வருவதும் போவதுமாக இருப்பதால், ஆர்டர் போடும் வாரத்தில் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

படி 3: ஐஇசி

இறக்குமதி, ஏற்றுமதி செய்ய வாங்க வேண்டிய எண் இது, சுலபம். பான் எண்தான் ஐஇசி எண், கட்டணம் 500 ரூபாய். வருடாவருடம் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரங்களை உறுதிசெய்ய மறக்காதீர்கள். அந்நியச் செலாவணியைக் கையாளும் உங்கள் வங்கிக் கிளையின் அடையாள எண்ணான ஏடி கோடையும் துறைமுகத்தில் பதிந்துவிடுங்கள்.

படி 4: காகிதங்கள்

இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது), பகுப்பாய்வுச் சான்று, பதினாறு பிரிவுகள் கொண்ட எஸ்டிஎஸ் (பாதுகாப்புத் தகவல் தாள்). எல்லாவற்றிலும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். நான் பார்த்த ஒரு சரக்கில் இன்வாய்ஸில் வியாபாரப் பெயர், சான்றில் வேதிப் பெயர், டிரம்மில் மூன்றாவதாக ஒரு பெயர். சாம்பிள் லேபுக்குப் போனது, மூன்று வாரம் டெமரேஜ் (துறைமுகத் தாமதக் கட்டணம்) ஏறியது. சப்ளையரிடம் ஒரு மெயிலில் திருத்தியிருக்கலாம்.

படி 5: பில் ஆஃப் என்ட்ரி, வரி

மும்பை பக்கத்து நாவா சேவா துறைமுகத்துக்குக் கப்பல் வருவதற்கு முந்தைய நாளுக்குள் உங்கள் சிஎச்ஏ (சுங்க ஏஜென்ட்) பில் ஆஃப் என்ட்ரியைத் தாக்கல் செய்துவிட வேண்டும். தாமதித்தால் முதல் மூன்று நாள் தினம் 5,000 ரூபாய், அப்புறம் தினம் 10,000.

வரிக் கணக்கு இப்படி: சரக்கின் மதிப்பு, கப்பல் வாடகை, காப்பீடு எல்லாம் சேர்த்து 1,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படை வரி 7.5 சதவீதம் என்றால் 7,500. அதன் மேல் 10 சதவீதம் சமூகநல சர்சார்ஜ், 750. ஆக 1,08,250, இதற்கு 18 சதவீத ஐஜிஎஸ்டி 19,485. மொத்தம் 27,735 ரூபாய். ஐஜிஎஸ்டியைப் பிறகு கிரெடிட்டாக எடுக்கலாம், ஆனால் அன்றைக்குக் கையில் பணம் வேண்டுமே. ஆன்டி டம்பிங் வரி (அடிமாட்டு விலைக்கு வரும் வெளிநாட்டுச் சரக்குக்குப் போடும் கூடுதல் வரி) உண்டா என்றும் பார்த்துவிடுங்கள்.

படி 6: சாம்பிள்

அதிகாரி சாம்பிள் எடுத்தால் பதற வேண்டாம், கெமிக்கலில் அது வழக்கம். ரிப்போர்ட் தாமதமாகும் என்று தெரிந்தால், 49-ஆம் பிரிவின் கீழ் சரக்கைக் கிடங்குக்கு மாற்ற அனுமதி கேட்கச் சொல்லுங்கள். துறைமுக வாடகை மிச்சம். விடுவித்த பிறகு லாரி பிடிக்கும்போது, அபாயகரமான சரக்கு ஓட்டுவதற்கான பதிவு டிரைவரின் லைசென்ஸில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு ஏற்றுங்கள்.