வேட்டைக்காரன் கண்ணுக்கும் ஒரு கணக்கு உண்டு

குறும்படம் எடுக்கத் தொடங்கும் இளைஞர்கள் சிலர் படத்தின் ‘ரஃப் கட்’டை, அதாவது தோராயமாகக் கோத்த முதல் வடிவத்தை, கொண்டுவந்து என்னிடம் போட்டுக்காட்டுவார்கள். எடிட்டிங் என் தொழில். எங்கே வெட்டலாம், எங்கே நீட்டலாம் என்று கேட்பார்கள். போன மாதம் மட்டும் மூன்று படம் பார்த்தேன். மூன்றிலும் கதை ஒன்றே. காடோ பாழடைந்த கட்டடமோ, உள்ளே நாலைந்து பேர், அவர்களை ஒவ்வொருவராகத் தூக்கும் வேற்றுக்கிரக வேட்டைக்காரன். சொதப்பிய இடமும் ஒன்றே. பார்க்கப் பார்க்க எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலில் பாதி, பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அதே குழியில் விழுந்த என் மேல்தான்.

இருட்டில் எடுத்தால் படம் புள்ளி புள்ளியாக வரும், ரத்தம் தக்காளி சாஸ் மாதிரி இருக்கக் கூடாது என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். முதல் முறை போட்டுக்காட்டும்போது நண்பர்களே சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்லாத தவறுகள் இவை.

உருவத்தை முதல் பத்து நிமிடத்தில் முழுசாகக் காட்டுவது

வேண்டாம். சூட் தைக்கச் செலவாகிவிட்டது என்பது ஒரு காரணமே ஆகாது.

அடியோடு மறைப்பது

இது எதிர்ப்பக்கத் தவறு. ஒன்றுமே தெரியாத வெற்றிடத்தைப் பார்த்து யாரும் வெகுநேரம் பயப்பட மாட்டார்கள், சலித்துப்போகும். 1987இல் வந்த ‘பிரிடேட்டர்’, காட்டுக்குள் போன வீரர்களை ஒரு வேற்றுக்கிரக வேட்டைக்காரன் வேட்டையாடும் ஹாலிவுட் படம். அதில் அந்த வேட்டைக்காரன் மறைந்து திரிவதைக் கவனியுங்கள். அசையாமல் இருந்தால் காடு மட்டும்தான். அசைந்தால் இலைகள் தண்ணீருக்கடியில் கிடப்பவை போல வளையும். ஒரு நொடிதான். அப்புறம் ஒவ்வொரு ஃபிரேமிலும் நாமே அதைத் தேட ஆரம்பித்துவிடுகிறோம்.

அதை எடுத்த விதமும் சுவாரசியம். காட்டின் பச்சையிலும் வானத்தின் நீலத்திலும் தனித்துத் தெரியட்டும் என்று நடிகருக்குச் சிவப்பு உடை போட்டு எடுத்தார்கள். பிறகு ஆளில்லாமல், இன்னும் அகலமான லென்ஸில் அதே இடத்தை மறுபடி எடுத்து, சிவப்பு இருந்த வடிவத்துக்குள் நிரப்பினார்கள். வடிவத்துக்குள் தெரியும் காடு, வெளியே தெரியும் காட்டைவிடக் கொஞ்சம் சிறியது. கண்ணை உறுத்துவது அந்த வித்தியாசம்தான். இன்றைக்கு இதை ஒரு லேப்டாப்பில் செய்துவிடலாம். செய்கிறவர்கள் விளிம்பை அவ்வளவு சுத்தமாகத் துடைக்கிறார்கள், உறுத்தலும் சேர்ந்து போய்விடுகிறது.

வேட்டைக்காரனின் பார்வையை வாரி இறைப்பது

என் எரிச்சலுக்குக் காரணம் இதுதான். அந்த மூன்று படங்களில் ஒன்றின் நீளம் 18 நிமிடம். அதில் வேட்டைக்காரனின் கண்வழியே பார்க்கும் ஷாட் மட்டும் 14. ‘பிரிடேட்டர்’ போலவே வெளிச்சத்தை அல்ல, சூட்டைப் பார்க்கும் கண். சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக, முதல் ஷாட் இரண்டாவது நிமிடத்திலேயே வந்துவிடுகிறது. எதற்கு இத்தனை என்று கேட்டேன். “பார்க்க நல்லா இருந்துச்சுண்ணா” என்றாள் இயக்கிய பெண். என் படத்தில் 11 வைத்திருந்தேன். காரணமும் அதேதான்.

அந்த ஷாட் வரும்போதெல்லாம் பார்வையாளருக்கு இரண்டு செய்தி போகிறது: அது எங்கே இருக்கிறது, இன்னும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது. தூரம் தெரிந்துவிட்டால் பயம் பாதி. அதோடு, அதன் கண்ணுக்குள் உட்கார்ந்திருக்கும் வரை நாம் பத்திரமாக இருக்கிறோம். யாரும் நம்மைப் பார்க்கவில்லை, பார்ப்பதே நாம்தான். மாட்டப்போகிறவன் பக்கத்தில் நிற்க வேண்டியவரைக் கொண்டுபோய் வேட்டைக்காரனின் பரணில் உட்காரவைத்த கதை.

இது ஒரு பாதி. என் கையைச் சுட்டது மறுபாதி.

என் படத்துக்காக நிஜமாகவே தெர்மல் கேமரா, அதாவது சூட்டைப் படமாகக் காட்டும் கேமரா ஒன்றை இரண்டு நாளுக்கு வாடகைக்கு எடுத்தேன். வெளிச்சம் அழகாக இருக்குமே என்று முதல் நாள் பொழுது சாயும் நேரத்தில் ஷூட்டிங் வைத்தேன். கேமராவைத் திருப்பினால் சுவரும் ஆளும் ஒரே சாம்பல். பகலெல்லாம் வெயிலைக் குடித்த சுவர் ஆறி ஆறி, சரியாக நான் எடுக்கப்போன நேரத்தில் ஆளின் மேல்தோல் சூட்டுக்கு இறங்கியிருந்தது. உள்ளுடம்பு 37 டிகிரி செல்சியஸ் இருந்தாலும் தோல் அதைவிடச் சில டிகிரி குறைவுதான். கேமரா பார்ப்பது தோலை. காலையிலும் மாலையிலும் இப்படிப் பொருளும் பின்புலமும் ஒரே வெப்பத்தைக் கடந்துபோகும் நேரம் ஒன்று உண்டு என்று பிற்பாடுதான் படித்தேன். ‘பிரிடேட்டர்’ எடுத்தவர்களுக்கும் இதே தலைவலி. மெக்சிகோக் காட்டில் அடித்த வெக்கையில் அகச்சிவப்பு (தெர்மல்) கேமராவுக்கு ஆளும் மரமும் பிரிந்து தெரியவில்லை. வேறு உத்திகளையும் சேர்த்துத்தான் காட்சிகளை முடித்தார்கள்.

இரண்டாம் நாள் இன்னொரு கூத்து. நாயகன் ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறான், வேட்டைக்காரன் வெளியிலிருந்து அவனைப் பார்த்துவிடுகிறான். இதுதான் காட்சி. தெர்மல் கேமராவில் நாயகனைக் காணோம். கண்ணாடியில் கேமராமேனின் உருவம்தான் மங்கலாகத் தெரிந்தது. அந்தக் கேமராவுக்குச் சாதாரணக் கண்ணாடி சுவர் மாதிரி. ஊடுருவிப் பார்க்காது, எதிரில் நிற்பவரின் சூட்டைத் திருப்பிக் காட்டும். சரி, எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று சாதாரணக் கேமராவில் எடுத்து, அப்புறம் சாயம் பூசிவிட்டேன். அதே படத்தில் ஆறு நிமிடம் முன்னால் அதே நாயகன் ஒரு மெல்லிய கறுப்புப் பிளாஸ்டிக் ஷீட்டுக்குப் பின்னால் நின்று தப்பித்திருப்பான்.

திரையிடல் முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். “கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவன் தெரிகிறான், பிளாஸ்டிக்குக்குப் பின்னால் இருப்பவன் தெரியவில்லை. நிஜத்தில் நேர்மாறு ஆயிற்றே?” அவர் சொன்னது உண்மை. குப்பை போடும் மெல்லிய கறுப்புப் பை நம் கண்ணை மறைக்கும், தெர்மல் கேமராவை மறைக்காது. அரங்கில் சிரிப்பு. அதைவிட வலித்தது, பக்கத்தில் இருந்த பெரியவர் சொன்னது. அவருக்கு இந்த அறிவியல் எதுவும் தெரியாது. “அது வேணும்னா பார்க்குது, வேணாம்னா பார்க்கலை. அப்புறம் எதுக்குப் பயப்படணும்?” என்றார்.

கடைசிக் காட்சி முழுவதையும் மறுபடி எடுத்தேன். அதற்குள் நாயகன் மொட்டை அடித்திருந்தான், விக் வைத்தோம். அந்த விக்கை இன்றைக்குப் பார்த்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்போது யார் இந்த மாதிரிக் கதையோடு வந்தாலும், திரைக்கதைக்கு முன்னால் அதன் கண்ணுக்கு எது தெரியும், எது தெரியாது என்று ஒரு பக்கம் எழுதச் சொல்கிறேன். எழுத எழுதக் காட்சிகள் வரும். கண்ணாடி மறைக்கும் என்றால், உடைந்த ஜன்னல் ஒன்று எங்காவது இருக்க வேண்டும். சுவரில் கை வைத்துவிட்டு எடுத்தால் கையின் சூடு கொஞ்ச நேரம் அங்கே தங்கும். ஆள் போய்விட்டான், தடம் போகவில்லை. சேற்றைப் பூசிக்கொண்டு தப்பிக்கலாம், ஈரம் இருக்கும் வரை. உடம்புச் சூடு சேற்றில் ஏற ஏற நேரம் குறைந்துகொண்டே வரும், காய்ந்து வெடிக்கும் சேற்றை ஒரு குளோசப்பில் காட்டினால் போதும். அந்தக் கண் அதிசயக் கண்ணாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. சொன்ன விதியை மீறாத கண்ணாக இருந்தால் சரி.

காசில்லாத அதிர்ச்சி

பூனை பாய்வது, நண்பன் தோளைத் தொடுவது. இவற்றைக் கண்டாலே எனக்குப் பிடிக்காது, ஆனால் பொய் அதிர்ச்சியே கூடாது என்று சொல்ல மாட்டேன். ‘பிரிடேட்டர்’ படத்தில் இரவில் முகாமைச் சுற்றிக் கண்ணிக் கம்பிகள் கட்டியிருப்பார்கள். ஏதோ கம்பியில் பட்டு வெளிச்சம் வெடிக்கும். ஒருவன் பாய்ந்து இருட்டில் எதையோ குத்திக் கொல்வான், பார்த்தால் காட்டுப்பன்றி. நமக்கு மூச்சு வரும். திரும்பிப் பார்த்தால், அங்கே வைத்திருந்த தோழனின் பிணத்தைக் காணோம். கம்பியைத் தொடாமல் மரத்தின் வழியே அது வந்து போயிருக்கிறது. பன்றி நம்மை ஏமாற்றியதற்கு ஒரு விலை இருந்தது. உங்கள் பூனை எதை எடுத்துக்கொண்டு போகிறது?

ஆயுதத்தால் பயமுறுத்துவது

ஆயுதம் தோற்பதுதான் பயம். எல்லாத் துப்பாக்கியும் சேர்ந்து காட்டையே மொட்டையடித்த பிறகு வரும் அமைதிக்கு நேரம் கொடுங்கள்.

வேட்டைக்காரனைப் பேசவைப்பது

மூன்றில் ஒரு படத்தில் அது தன் கிரகத்தைப் பற்றி அரை நிமிடம் விளக்கம் சொன்னது. நான் எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வந்தேன். தனக்கென்று பேச்சே இல்லாமல், கேட்டதைத் திருப்பிச் சொல்லும் குரல் இருக்கிறதே, அது வேறு. அந்த 1987 படத்தில் வீரன் ஒருவன் நகைச்சுவை புரிந்து தாமதமாக வெடித்துச் சிரிப்பான். படம் முடியும்போது அதே சிரிப்பு வேறொரு தொண்டையிலிருந்து வரும். சிரித்தவன் அப்போது உயிரோடு இல்லை.

இசை

அது எங்கே நிற்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

நேற்று அந்த 18 நிமிடப் படத்தை இயக்கிய பெண், திருத்திய வடிவத்தை அனுப்பியிருந்தாள். 14 ஷாட்டில் 2 மிச்சம். இரண்டாவதில் வேட்டைக்காரன் ஒரு காலி அறையைப் பார்க்கிறது. ஆள் இல்லை. எல்லாம் நீலம். சுவரில் மட்டும் ஐந்து விரலும் மஞ்சளாகத் தெரிகின்றன, மெல்ல மங்குகின்றன. கண் கதவுப் பக்கம் திரும்புகிறது. அங்கே தாழ்ப்பாளில் இன்னும் மங்காத ஒரு தடம்.