பரணிலிருந்து இறங்கிய லேப்டாப்: கோப்பு எடுக்கும்முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூர், கோத்தகிரி பக்கம் யாராவது வீட்டைக் காலி செய்தால் பரணிலிருந்து தடித்த கறுப்பு லேப்டாப் ஒன்று இறங்கும். உள்ளே அப்பாவின் தேயிலைக் கணக்கு இருக்கும், இல்லையென்றால் எப்போதோ டைப் செய்த கல்யாணப் பத்திரிகை. பென் டிரைவைச் செருகி எடுத்துவிடலாம் என்றுதான் எல்லோரும் கிளம்புகிறார்கள். மெஷினுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமலேயே கேபிளும் அடாப்டரும் வாங்கப் போவதுதான் முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் அதன் பின்னாலேயே வருகின்றன.

அடாப்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். பின் பொருந்துகிறது என்பதற்காக இன்றைய 19 வோல்ட் அடாப்டரைச் செருகிவிடுகிறார்கள். பழைய ஐபிஎம் திங்க்பேட் பலவற்றுக்கு 16 வோல்ட், தோஷிபா மாடல்கள் பலவற்றுக்கு 15 வோல்ட். அடியில் உள்ள ஸ்டிக்கரில் வோல்ட், ஆம்ப், பிளஸ் மைனஸ் எந்தப் பக்கம் என்பதெல்லாம் அச்சிட்டிருக்கும். ஈரத்தில் ஊறிய ஸ்டிக்கர் உரிந்து வந்துவிடும். அதற்குள் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். மாடல் எண்ணும் அங்கேதான் இருக்கும். மூடிமேல் இருக்கும் ‘சாட்டிலைட்’, ‘திங்க்பேட்’ என்பவை குடும்பப் பெயர்கள் மட்டுமே. அதை மட்டும் சொன்னால் கடைக்காரருக்கு ஒன்றும் விளங்காது.

மலைக்கே உரிய தவறுகளும் உண்டு. ஊட்டிக் குளிரில் கிடந்ததை மேட்டுப்பாளையமோ கோவையோ கொண்டுபோய் இறங்கிய கையோடு ஸ்விட்சைப் போடாதீர்கள். குளிர்ந்த உலோகத்தின்மேல் கீழ்நாட்டுக் காற்றின் ஈரம் முத்துமுத்தாகப் படியும். பையிலேயே வைத்து, அறைச் சூட்டுக்கு வந்தபின் எடுங்கள். சிலர் பூஞ்சை புகாமல் இருக்கட்டும் என்று ஹார்ட் டிஸ்க் மேலிருக்கும் சிறு துளையில் டேப் ஒட்டுகிறார்கள். அது உள்ளும் புறமும் காற்றழுத்தத்தைச் சமப்படுத்தும் துளை, மூடக் கூடாது. உயரத்தை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை: இவ்வகை டிஸ்க்குகள் பொதுவாக 3,000 மீட்டர் வரை தாங்கும், ஊட்டி சுமார் 2,240 மீட்டர்தான். பூஞ்சை பிடித்த பிளாப்பி (அந்தக் காலத்துக் காந்தத் தகடு) வேறு கதை. ஒன்றைப் போட்டாலே டிரைவின் ஹெட் அழுக்காகி, அடுத்துப் போடும் நல்ல பிளாப்பியையும் கீறிவிடும்.

சரி, மெஷின் எழுந்துவிட்டது. உள்விவரம் பார்க்க என்று புதிய மென்பொருளைத் தேடி இறக்குவது வீண்வேலை. பாதி ஓடாது, ஓடினாலும் அதை உள்ளே கொண்டுபோகவே கோப்பு மாற்றும் வழி வேண்டுமே! விண்டோஸ் 98-இல் மை கம்ப்யூட்டரை வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போனால் பதிப்பும் ரேமும் தெரியும், பக்கத்திலேயே பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜர். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து மெஷினில், உள்விவரம் காட்டும் எம்எஸ்டி என்ற மூன்றெழுத்துக் கட்டளை இருந்தால் அது போதும். ‘டிசைன்டு ஃபார் விண்டோஸ்’ ஸ்டிக்கரை நம்பாதீர்கள். கடையிலிருந்து வந்த நாளின் நிலையைத்தான் அது சொல்லும்; நடுவில் ரேமும் டிஸ்க்கும் எத்தனை கை மாறியதோ.

இந்த விவரங்கள் கையில் இருந்தால் வழி தானாகத் தெரியும். விண்டோஸ் 98 என்றால் யுஎஸ்பி துளை இருந்தும் பென் டிரைவ் தெரியாது, தனி டிரைவர் (அதை இயக்கும் சிறு மென்பொருள்) வேண்டும். மில்லெனியம், 2000, எக்ஸ்பி ஆகியவற்றில் தெரியும். பென் டிரைவை எக்ஸ்ஃபேட் என்ற புதிய கோப்பு அமைப்பில் ஃபார்மட் செய்துவிட்டு லேப்டாப்பைத் திட்டுபவர்கள் உண்டு, பழைய ஃபேட்32 வேண்டும். முதல் விண்டோஸ் 95-க்கு அதுகூடப் புரியாது, ஃபேட்16 தான், 2 ஜிபிக்கு மேல் போகாது. யுஎஸ்பியே இல்லாத மெஷினில் பிசிஎம்சிஐஏ என்ற கார்டு செருகும் துளை இருந்தால், சிறிய காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டும் அதற்கான அடாப்டரும்தான் என் முதல் தேர்வு. பெரும்பாலும் டிரைவர் தேடாமலேயே ஒரு டிஸ்க்காகத் தெரியும். வாங்கும்போது தங்க நிறப் பட்டை உள்ள அடாப்டரைத் தவிருங்கள். அது கார்ட்பஸ் என்ற பிந்தைய வகை, பழைய 16 பிட் துளையில் நுழையாது, அழுத்திப் பார்க்காதீர்கள்.

நெட்வொர்க் வழியாக எடுப்பவர்கள் புதிய கணினியில் எஸ்எம்பி1 என்ற பழைய கோப்புப் பகிர்வு வசதியைத் திறந்துவிட்டு மூட மறந்துவிடுகிறார்கள். பாதுகாப்பில்லை என்பதால்தான் 2017 முதல் விண்டோஸ் 10-இல் அதைப் படிப்படியாக ஒதுக்கினார்கள். புதிய கணினியில் சின்ன எஃப்டிபி (நெட்வொர்க்கில் கோப்பு அனுப்பும் முறை) சர்வரை ஓட்டி, பழையதிலுள்ள எஃப்டிபி கட்டளையால் அனுப்புங்கள். அனுப்பும்முன் ‘பைனரி’ என்று ஆங்கிலத்தில் தட்ட வேண்டும். தட்டாவிட்டால் டெக்ஸ்ட் முறையில் போய் படமெல்லாம் கெட்டுவிடும், எல்லாம் சரியாகப் போனதாகத்தான் திரை சொல்லும். பழைய வைஃபை கார்டுக்காக வீட்டு ரவுட்டரை டபிள்யூஇபி என்ற பழைய, பலவீனமான பாதுகாப்பு முறைக்கு இறக்கவும் வேண்டாம்.

ஹார்ட் டிஸ்க்கையே கழற்றுவது பலருக்குச் சுலபம். 44 பின் கொண்ட ஐடிஇ என்ற பழைய வகை டிஸ்க்கில் ஓரமாக, ஒரு இடைவெளி விட்டு நான்கு ஜம்பர் பின் (டிஸ்க்கின் அமைப்பை மாற்ற வைத்தவை) இருக்கும். யுஎஸ்பி கன்வெர்ட்டரை ஒரு வரிசை தள்ளிச் செருகினால் மின்சாரம் தப்பான பின்னில் ஏறி டிஸ்க் போய்விடும். ‘ஃபார்மட் செய்யவா?’ என்று விண்டோஸ் கேட்டால் கேன்சல்தான். டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டால் கோப்பு கோப்பாக இழுக்காதீர்கள். முதலில் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரல் கொண்டு முழு நகல் எடுத்துக்கொண்டு, அந்த நகலில் தேடுங்கள்.

தமிழ்க் கோப்புகளில் ஒரு சிக்கல் பாக்கி. அந்தக் காலத்தில் பாமினி, டாம், டாப், டிஸ்கி என்று ஆளுக்கொரு எழுத்துரு முறையில் டைப் செய்தார்கள். டாகுமெண்டை மட்டும் எடுத்து வந்தால் திரை முழுக்க ஆங்கிலப் புதிர்தான். கோப்பு கெட்டுவிட்டது என்று அழிக்காதீர்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபாண்ட்ஸில் உள்ள எல்லாவற்றையும் சேர்த்தே நகல் எடுங்கள். கணக்கு எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று அங்கேயே திறந்து குறித்துக்கொண்டால், பிறகு யூனிகோடுக்கு மாற்ற எந்தக் கன்வெர்ட்டர் என்று தேட வேண்டியிருக்காது.