கற்பனை மொழிக்குக் கணினி இலக்கணம்: மூன்றே சொல்லில் தொடங்குவோம்

சொந்தமாக மொழி உருவாக்குபவர்கள் பெரும்பாலும் விதிகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பீர்கள். அவற்றைக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்கும்போதுதான், எழுதாமல் மனதிலேயே வைத்திருந்த விதிகள் எத்தனை என்று தெரியவரும். எனக்கு இந்த வேலை பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம்.

கருவி, கிராமட்டிக்கல் ஃபிரேம்வொர்க், சுருக்கமாக ஜிஎஃப்; மொழிகளின் இலக்கணத்தைக் கணினிக்கு எழுதிக் கொடுப்பதற்கான நிரல்மொழி. 1998இல் பிரான்சின் கிரெனோபில் நகரில், ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் உருவானது. ஆர்னே ராந்தா உருவாக்கியது. இலவசம்தான், நிறுவிக்கொள்ளுங்கள்.

படி 1: சொற்கள்

அகராதி முழுவதையும் கொட்டாதீர்கள். என் மொழியில் மிரு என்றால் நாய், தால் என்றால் குழந்தை, சேப என்றால் பார்த்தல். வினை முதலில் வரும், பிறகு எழுவாய், கடைசியில் செயப்படுபொருள். பன்மைக்கு முதல் எழுத்து இரட்டிக்கும்: மிமிரு, தாதால். செயப்படுபொருளுக்கு ‘நோ’ உருபு. எழுவாய் பன்மையானால் வினை ‘சேபல்’ ஆகும்.

படி 2: பொருள் கோப்பு

வினை, எழுவாய், செயப்படுபொருள் மூன்றும் சேர்ந்தால் வாக்கியம். இவ்வளவுதான் இதில் இருக்கும். எது முன், எது பின் என்ற பேச்சே இங்கே கூடாது.

படி 3: வடிவக் கோப்பு

சொற்களின் வடிவமும் வரிசையும் இந்தக் கோப்பில் வரும். உழைப்பு முழுவதும் இங்கேதான். பெயர்ச்சொல்லை ஒற்றைச் சொல்லாக எழுதாமல் அட்டவணையாக எழுதுங்கள். எண் இரண்டு, வேற்றுமை இரண்டு, ஆக நான்கு வடிவங்கள்:

மிரு, மிருநோ
மிமிரு, மிமிருநோ

எழுவாய் தன் எண்ணையும் கூடவே எடுத்து வர வேண்டும். அதைப் பார்த்துத்தான் வினை தன் அட்டவணையிலிருந்து சேப, சேபல் இரண்டில் ஒன்றை எடுக்கும்.

புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஒற்றைக் கூட்டல் குறி எழுத்துகளை ஒட்டி ஒரே சொல்லாக்கும், இரட்டைக் கூட்டல் குறி தனித்தனிச் சொற்களை அடுத்தடுத்து வைக்கும். உருபை அகராதிப் பகுதியிலேயே ஒட்டிவிடுங்கள். வாக்கியம் அமைக்கும் விதிக்குள் ஒட்டப் பார்த்தால் ஜிஎஃப் ஏற்காது.

படி 4: கணினியைப் பேசவிடுங்கள்

நீங்கள் எழுதிய வாக்கியத்தை அது புரிந்துகொண்டால் மட்டும் போதாது, அதுவே வாக்கியங்களை உருவாக்கட்டும். நான்கு எழுவாய், நான்கு செயப்படுபொருள், மொத்தம் 16 வாக்கியங்கள். எல்லாவற்றையும் வாய்விட்டுப் படியுங்கள். எனக்கு முதல் தடவை இப்படி ஒன்று வந்தது:

சேப மிரு தால்நோ

படித்தவுடனே நாக்கு இடறியது. நான் எப்போதும் ‘தாலுநோ’ என்றுதான் சொல்லிவந்தேன், ஆனால் அந்த உகரம் நோட்டில் எங்குமே இல்லை. மெய்யெழுத்தில் முடியும் பெயருக்கு உருபின் முன் உகரம் தோன்றும் என்ற புணர்ச்சி விதியை அன்றைக்குத்தான் எழுதினேன்.

தவறான வாக்கியங்களையும் கொடுத்துப் பாருங்கள். ‘சேப தாதால் மிருநோ’ என்பதை உங்கள் இலக்கணம் ஏற்றுக்கொண்டால், வினைக்கு எண் போய்ச் சேரவில்லை என்று பொருள்.

படி 5: தமிழையும் சேருங்கள்

அதே பொருள் கோப்புக்குத் தமிழில் இன்னொரு வடிவக் கோப்பு எழுதுங்கள். இப்போது ‘சேபல் தாதால் மிருநோ’ என்று தட்டினால், ‘குழந்தைகள் நாயைப் பார்க்கின்றன’ என்று திரையில் வரும்.