மழைக்கு நிக்கானும் தெரியாது, கேனனும் தெரியாது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கேமரா வைத்திருக்கும் இரண்டு பேர் மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் உணவுக்கடை) உட்கார்ந்தால், தே தாரிக் (இழுத்து ஆற்றிய தேநீர்) ஆறுவதற்குள் நிக்கான் கட்சி, கேனன் கட்சி என்று பிரிந்துவிடுவார்கள். நானும் பதினோரு ஆண்டுகள் ஒரு கட்சியில் இருந்தவன்தான். எந்தக் கட்சி என்று சொல்லப் போவதில்லை.

ஒரு தோட்டத்துக் கோயில் தீமிதியில் பிடித்தது மழை. பத்தே நிமிடத்தில் என் கேமராவின் திரை கறுத்துவிட்டது. பக்கத்தில் நின்ற தம்பியிடம் அதே நிறுவனத்தின் அதே மாடல். அவன் கடைசி பக்தர் இறங்கும்வரை படம் எடுத்தான். மறுநாள் இரண்டையும் கழற்றிப் பார்த்தபோதுதான் புரிந்தது: அவன் லென்ஸின் பின்புறம் மெல்லிய ரப்பர் வளையம் இருந்தது, என்னுடையதில் இல்லை. புதிதாகக் கேமரா வாங்குபவர்கள் அந்த வளையத்திலிருந்தே தொடங்கலாம்.

படி 1: ரப்பரைத் தேடுங்கள்

மின்விசிறியை நிறுத்திவிட்டு, தூசியில்லாத அறையில் லென்ஸைக் கழற்றுங்கள். கேமராவோடு பொருந்தும் உலோக விளிம்பைச் சுற்றி ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பேட்டரி மூடி, கார்டு மூடி, பக்கவாட்டுத் துளைகளின் மூடிகளைப் பாருங்கள். பழைய கேமரா வாங்குகிறவர்கள் இந்த மூடிகள் தளர்ந்திருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லலாம், அல்லது வேறு கேமரா பார்க்கலாம்.

தண்ணீரும் தூசியும் புகாமல் தடுக்கும் இந்த ரப்பர் அடைப்புதான் காப்பு. கேமரா உடல், லென்ஸ் இரண்டிலும் இருந்தால்தான் அது காப்பு. நிக்கான் டி3500 போன்ற தொடக்கநிலைக் கேமராக்களில் அது கிடையாது. ஃபியூஜிஃபில்மில் எக்ஸ்-டி5க்கு உண்டு, எக்ஸ்-டி30க்கு இல்லை. ஃபியூஜிஃபில்ம் லென்ஸ்களில் காப்பைக் குறிக்கும் ‘டபிள்யூஆர்’ (WR) என்ற எழுத்துகளைத் தேட வேண்டும். குறைந்த விலையிலேயே காப்பு தந்த கேமரா 2016இல் வந்த பென்டாக்ஸ் கே-70, ஆனால் மாமாக் கடையில் பென்டாக்ஸுக்குக் கட்சியே இல்லை. கேனனின் 17-40 எஃப்4 எல் லென்ஸில் இன்னொரு நுணுக்கம்: முன்னால் ஒரு ஃபில்டரை மாட்டினால்தான் அதன் காப்பு முழுமையாகும்.

ஓஎம் சிஸ்டத்தின் ஓஎம்-1, ஐபி53 என்ற தரக்குறியோடு 2022இல் வந்தது. இதில் 5 தூசிக்கு, 3 தண்ணீருக்கு. நேர் மேலிருந்து 60 பாகை சாய்வு வரை தெளிக்கும் நீரைத் தாங்கும் என்பது அந்த 3இன் பொருள். ஆற்றில் தவறி விழுந்தால் அந்த எண் உதவாது. வாரண்டியும் பொதுவாகத் தண்ணீர்ச் சேதத்தை ஏற்பதில்லை.

(1877இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது, இங்கிருந்து அரைமணி நேரப் பயணம். பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் கேமராவில் ரப்பர் தேடுவது எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது, அது செயற்கை ரப்பராகவே இருந்தாலும்.)

படி 2: மழைக்கு முன்

நல்ல கனமான பிளாஸ்டிக் பை ஒன்று, ரப்பர் பேண்ட் இரண்டு. பையின் அடியில் லென்ஸ் நுழையும் அளவு துளை வெட்டி, லென்ஸ் ஹூட்டை (லென்ஸின் முன்னால் மாட்டும் நிழல் வளையம்) சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு இறுக்குங்கள். வாய்ப்பக்கம் வழியாகக் கை நுழையட்டும். சட்டைப் பையில் ஒரு பருத்தித் துண்டு. நீளும் ஜூம் லென்ஸ் என்றால், துடைத்த பிறகே உள்ளே இழுங்கள். ஈரத்தோடு இழுத்தால் தண்ணீரை நீங்களே உள்ளே அழைத்துச் செல்கிறீர்கள். மழையில் லென்ஸ் மாற்றவே வேண்டாம்.

படி 3: காரிலிருந்து இறங்கும்போது

குளிர்சாதனக் காரில் குளிர்ந்த லென்ஸை நம் ஊர்க் காற்றில் நீட்டினால் உடனே பனிபடியும். பைக்குள் மூடியபடியே வைத்து, இருபது முப்பது நிமிடம் பொறுத்து எடுங்கள். அவசரமாகத் துணியால் தேய்ப்பவர்களுக்குப் பனி மீண்டும் மீண்டும் வரும்.

படி 4: வீட்டில்தான் பெரிய எதிரி

மழையை விட அதிகமான லென்ஸ்களை இங்கே கொன்றது அலமாரி. ஈரப்பதம் 60, 70 சதவீதத்தைத் தாண்டி நிற்கும் இடத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை முளைக்கும். முதலில் சிலந்தி நூல் போலத் தெரியும். நாளானால் அது சுரக்கும் அமிலம் கண்ணாடிப் பூச்சையே அரித்துவிடும். பிறகு துடைத்தாலும் தழும்பு போகாது. வாங்கும்போது கிடைத்த அழகான தோல் பைக்குள் வைத்துப் பூட்டுவது இன்னும் மோசம், அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மின்சார உலர்பெட்டி வாங்க முடிந்தால் வாங்குங்கள். முடியாதவர்கள், மூடியில் ரப்பர் விளிம்புள்ள பெரிய உணவு டப்பா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லை ஒரு துணிப்பையில் கட்டி உள்ளே போடுங்கள். சிறிய ஈரமானி ஒன்றையும் வையுங்கள். முள் 40க்கும் 50க்கும் நடுவில் நிற்க வேண்டும். 30க்குக் கீழே போனால் ரப்பரும் உள்ளே இருக்கும் மசகும் காய்ந்துவிடும் என்பதால், ஜெல்லை அள்ளிக் கொட்டாதீர்கள். நிறம் மாறிய ஜெல்லைத் துணியிலிருந்து தட்டில் கொட்டி, அடுப்புப் பெட்டியில் சுமார் 110 பாகை செல்சியஸில் இரண்டு மணி நேரம் சூடேற்றினால் மீண்டும் பயன்படும். பொட்டலத்தில் வேறு வெப்பநிலை எழுதியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

படி 5: நனைந்தே விட்டதா?

உடனே அணைத்து, வெளிப்புறத்தைத் துடைத்து, பேட்டரியையும் கார்டையும் கழற்றுங்கள். ‘வேலை செய்கிறதா பார்ப்போம்’ என்று இயக்கிப் பார்ப்பதுதான் பெரும்பாலான கேமராக்களை முடித்துவிடுகிறது. என் கேமராவும் அப்படித்தான் போனது. அரிசிப் பானையில் புதைக்காதீர்கள், மாவுத் தூசி உள்ளே போகும். தலைமுடி உலர்த்தும் சூடான காற்றும் வேண்டாம். மூடிகளைத் திறந்து, சிலிக்கா ஜெல் பெட்டியில் இரண்டு நாள். கோயிலில் பால், மஞ்சள்நீர் பட்டிருந்தால் காத்திருக்காமல் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள், அவை காய்ந்தால் ஒட்டிக்கொள்ளும்.

படி 6: அப்படியானால் எந்தக் கட்சி?

கட்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பணம் லென்ஸில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதனால்தான் மாற மனம் வருவதில்லை. லென்ஸ் கேமராவோடு பொருந்தும் வாய்தான் மவுண்ட், அது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. நிக்கானின் எஃப் மவுண்ட் 1959இல் வந்தது, கேனனின் ஈஎஃப் 1987இல். இரண்டு நிறுவனங்களும் 2018இல் இசட், ஆர்எஃப் என்று புது மவுண்டுக்கு மாறின. ஈஎஃப் லென்ஸ்கள் அடாப்டர் (இடையில் மாட்டும் இணைப்பு வளையம்) வழியாக ஆர்எஃப் கேமராவில் தானாகவே ஃபோகஸ் செய்கின்றன. நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில், கேமராவின் மோட்டாரை நம்பியிருந்த பழைய லென்ஸ்களுக்குக் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். பெரியப்பா தந்த பழைய லென்ஸ் இருந்தால் வாங்கும் முன் இதைக் கடையில் மாட்டிப் பாருங்கள்.

சிறிய ஊரில் என் யோசனை வேறு: பக்கத்து வீட்டு நண்பரிடம் எந்த மவுண்ட் இருக்கிறதோ அதையே வாங்குங்கள். நாங்கள் மூன்று பேர் இப்போது ஒரே மவுண்ட். காப்புள்ள 70-200 லென்ஸ் ஒன்றுதான் இருக்கிறது, மூவரின் காசு. வரும் தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலில் அது என் முறை. பிளாஸ்டிக் பையை இப்போதே வெட்டி வைத்துவிட்டேன்.